பழைய கணினியின் விண்டோஸ் உரிமத்தைப் புதிய கணினிக்கு எடுத்துச் செல்ல முடியுமா?

தக்கலை தட்டச்சகத்தார்

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் தட்டச்சும் கணக்கெழுத்தும் செய்து கொடுக்கும் சிறு கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோவில் கொடை நோட்டீஸ், ஆலயத்தின் வாராந்திர அறிக்கை, ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் மூன்று வணிகர்களின் ஜி.எஸ்.டி. கணக்கு என்று எல்லாமே ஒரே கணினியில்தான் இருக்கின்றன. ஐப்பசி இடிமழையின்போது தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னல் மோடத்தையும், அதிலிருந்து கணினிக்குப் போகும் நெட்வொர்க் போர்ட்டையும் எரித்துவிட்டது. கணினி இன்னும் இயங்குகிறது என்றாலும், சில நாட்களில் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகுதான் திரையில் வெளிச்சம் வருகிறது. முழுவதுமாக நின்றுபோவதற்குள் வேறு கணினிக்கு மாறிவிட வேண்டும் என்று சென்ற வாரம் நாகர்கோவிலில் புதிய கணினி ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினேன். பழைய கணினியில் விண்டோஸ் 10 ப்ரோ இருப்பதால், அதையே புதியதில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணி, விண்டோஸ் இல்லாமலேயே வாங்கிவிட்டேன்.

பழைய கணினி 2013-இல் இதே போல் அசெம்பிள் செய்து வாங்கியது. அப்போது விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனல் இருந்தது. 2016-இல் இலவசமாக 10-க்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது என் கேள்வி இரண்டு. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் புதிய கணினியில் பொருத்தினால் உரிமமும் கூடவே வந்துவிடுமா? வராது என்றால், அதை முறைப்படி எடுத்துச் செல்ல என்ன வழி? புதிய கணினியை அசெம்பிள் செய்து கொடுத்த தம்பி, "ஐந்நூறு ரூபாய் கொடுங்கள், ஆக்டிவேட் செய்து தருகிறேன்" என்றார். பிறருடைய கணக்குகளை வைத்திருக்கும் கணினி என்பதால் அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

மார்த்தாண்டம் பழுதுநீக்குநர்

வணக்கம் அண்ணாச்சி. நகலெடுப்பதை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்களிடம் இருப்பது உங்கள் உரிமமா, அந்தக் கணினியின் உரிமமா என்பதுதான். என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உரிமம் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு கோப்பாக இருக்கிறது என்றே நினைக்கிறார்கள். டிஸ்க்கில் இருப்பது இயங்குதளம் மட்டுமே. விண்டோஸ் 10 வந்த பிறகு உரிமத்தின் பதிவு பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருக்கிறது. உங்கள் கணினியின் பாகங்களிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி, அந்த அடையாளத்துக்கு எதிராக "இதற்கு உரிமம் உண்டு" என்று அங்கே குறித்து வைத்திருப்பார்கள். அந்த அடையாளத்தில் மதர்போர்டுக்குத்தான் முதன்மையான இடம். ஆகவே டிஸ்க்கை நகலெடுத்துப் புதிய மதர்போர்டில் பொருத்தினால், இயங்குதளம் எழுந்து நிற்கலாம். ஆனால் சர்வர் அதை வேறு கணினியாகவே பார்க்கும்.

உரிமங்களில் நம் ஊர்க் கடைகளில் பார்ப்பவை மூன்று வகை. கணினியோடு சேர்ந்து வருவது ஓ.இ.எம். உரிமம். தனியே பெட்டியாகவோ இணையத்திலோ வாங்குவது ரீடெயில் உரிமம். நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது வால்யூம் உரிமம். ஓ.இ.எம். என்பது விளையில் நிற்கும் தென்னை போன்றது. விளையை விற்றால் மரமும் சேர்ந்து போகும். மரத்தை மட்டும் பெயர்த்து அடுத்த விளையில் நட முடியாது. ரீடெயில் என்பது தொட்டிச் செடி. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் வைக்கலாம். ஓ.இ.எம். உரிமத்தைக் கணினியோடு சேர்த்து வேறொருவருக்குக் கொடுக்கலாம், கணினியைவிட்டுப் பிரித்து வேறு கணினியில் போடக் கூடாது என்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

பழைய கணினி இயங்கும் வரை ஒரு சோதனை செய்து பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு சேர்த்து டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளையும் தட்டி எண்டர் கொடுங்கள். ஒரு சிறு பெட்டி வரும். அதில் "சேனல்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதையும், கீ எனப்படும் உரிமக் குறியீட்டின் கடைசி ஐந்து எழுத்துகளையும் அப்படியே இங்கே எழுதுங்கள்.

தக்கலை தட்டச்சகத்தார்

உடனே செய்து பார்த்துவிட்டேன். "ரீடெயில் சேனல்" என்றுதான் காட்டுகிறது. கடைசி ஐந்து எழுத்துகள் 3வி66டி. அப்படியானால் என்னுடையது தொட்டிச் செடிதானே? மிகவும் ஆறுதலாக இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒரு சிறு மென்பொருளை வைத்து முழுக் கீயையும் எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அதையே புதிய கணினியில் தட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

குலசேகரம் ரப்பர்க் கடை

ரீடெயில் என்று காட்டினால் கவலை வேண்டாம். கீயைப் போட்டு, இணையத்தில் இணைத்தால் முடிந்தது. புதிய கணினிக்கு வாழ்த்துகள்.

மார்த்தாண்டம் பழுதுநீக்குநர்

பொறுங்கள். உங்கள் மகிழ்ச்சியைக் குலைப்பதற்கு வருந்துகிறேன். ஆனால் நான் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்டதே இதற்காகத்தான்.

3வி66டி என்று முடியும் கீ உங்களுக்கு மட்டும் உரியது அன்று. விண்டோஸ் 10 ப்ரோவும் 11 ப்ரோவும் டிஜிட்டல் உரிமத்தில், அதாவது சர்வரில் பதிந்த உரிமத்தில், இயங்கும் கணினிகளில் பரவலாக இருக்கும் பொதுக் கீ அது. ஹோம் பதிப்பாக இருந்தால் 8எச்விஎக்ஸ்7 என்று முடியும் பொதுக் கீ இருக்கும். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு காலம் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 10-ஐ இலவசமாகக் கொடுத்தபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கீ கொடுக்கவில்லை. கணினியின் அடையாளத்தை சர்வரில் பதிந்துகொண்டு, கணினிக்குள் இந்தப் பொதுக் கீயை வைத்துவிட்டார்கள். அது ரீடெயில் வகையைச் சேர்ந்த கீ என்பதால், நீங்கள் ஓ.இ.எம். விண்டோஸ் 7-இலிருந்து வந்திருந்தாலும், பெட்டி விண்டோஸ் 7-இலிருந்து வந்திருந்தாலும், அந்தச் சிறு பெட்டி "ரீடெயில்" என்றுதான் சொல்லும். கீ எடுக்கும் மென்பொருள்கள் காட்டுவதும் இதையே. அதைப் புதிய கணினியில் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். எந்தப் பதிப்பு என்று குறிப்பதற்குத்தான் அது பயன்படும். ஆக்டிவேஷன் மட்டும் நடக்காது.

இந்த இடத்தில் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திரை "ரீடெயில்" என்று சொன்னதை நம்பி, பழைய டிஸ்க்கை அழித்துவிட்டு, பிறகு வந்து நிற்பார்கள். கடைசி ஐந்து எழுத்துகள் பொதுக் கீயாக இருந்தால், சேனல் என்ன சொல்கிறது என்பதற்கு மதிப்பில்லை. 2016-க்கு முன்னால் அந்தக் கணினியில் இருந்தது என்ன என்பதையே தேட வேண்டும். கேபினட்டின் பக்கவாட்டிலோ மேலேயோ ஒரு சான்று ஒட்டி இருக்கும். அதில் விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனல் என்ற பெயருக்கு அருகே வேறு என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்டி, ரசீது ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். கீயின் எண்களை இங்கே எழுத வேண்டாம்.

குளச்சல் கடற்கரையான்

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. என் சிக்கலும் மதர்போர்டைப் பற்றியது என்பதால் இங்கேயே கேட்கிறேன். மீன் ஏலக் கணக்கு எழுதும் மடிக்கணினி, பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. வீடு கடலிலிருந்து நூறு அடியில் இருப்பதால் உப்புக் காற்றில் மதர்போர்டு பச்சை பிடித்துப் போய், அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பு மையத்திலேயே பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது விண்டோஸ் 11 ஹோம் ஆக்டிவேட் ஆகவில்லை; எஃப்211 என்று முடியும் பிழை எண் வருகிறது. தென்னை விளையோடு போகும் என்றால், என் மரமும் பழைய பலகையோடு போய்விட்டதா?

மார்த்தாண்டம் பழுதுநீக்குநர்

போகவில்லை. பழுதான மதர்போர்டுக்குப் பதிலாக அதே வகைப் பலகையையோ, தயாரிப்பாளர் அதற்கு இணையாகக் கொடுக்கும் பலகையையோ பொருத்தினால் அது அதே கணினியாகவே கருதப்படும். புதிய உரிமம் தேவையில்லை. எஃப்211 என்பது கணினியின் பாகங்கள் மாறியிருப்பதை சர்வர் கண்டுகொண்டது என்பதன் அடையாளம் மட்டுமே.

2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், நிறுவனத் தயாரிப்புகளில் கீயை ஒட்டுச்சீட்டில் அச்சிடாமல் மதர்போர்டில் கணினியை எழுப்பும் பயாஸ் சிப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறார்கள். பலகையை மாற்றும்போது அதைப் புதிய சிப்பில் எழுத வேண்டியது பழுதுபார்ப்பு மையத்தின் வேலை. வேலைச்சீட்டோடு மறுபடியும் போய், "புதிய பலகையில் விண்டோஸ் கீயும் சீரியல் எண்ணும் எழுதப்படவில்லை" என்று சொல்லுங்கள். போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். பலகை கெடுவதற்கு முன்பு மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே நுழைந்திருந்தீர்களா? அப்படியென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன், அதில் ட்ரபிள்ஷூட் என்று போய், அண்மையில் பாகத்தை மாற்றினேன் என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அதே கணக்கில் நுழைந்தால் உங்கள் கணினிகளின் பட்டியல் வரும். பழைய பெயரைச் சுட்டி ஆக்டிவேட் கொடுங்கள். 2016 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

தக்கலை தட்டச்சகத்தார்

கேபினட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத் துடைத்துப் பார்த்தேன். எழுத்து மங்கிவிட்டது; கைப்பேசி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது விண்டோஸ் 7 ப்ரொஃபெஷனல் என்பதற்கு அருகே "ஓ.இ.எம். சாஃப்ட்வேர்" என்று தெரிந்தது. ரசீதும் கிடைத்தது. அதில் மதர்போர்டு, ப்ராசசர், ராம் ஆகியவற்றோடு விண்டோஸும் ஒரே பில்லில் இருக்கிறது. பெட்டி எதுவும் இல்லை. இதன் பொருள் என்னவென்று எனக்கே புரிகிறது. இருந்தாலும் உங்கள் வாயால் கேட்டுவிடுகிறேன்.

மார்த்தாண்டம் பழுதுநீக்குநர்

ஆம் அண்ணாச்சி, அது விளையோடு நிற்கும் மரம்தான். அசெம்பிள் செய்து விற்பவர்களுக்கென்று கொடுக்கப்பட்ட ஓ.இ.எம். உரிமம் அது. அதிலிருந்து இலவசமாகப் பெற்ற விண்டோஸ் 10-ம் அதே குணத்தைத்தான் கொண்டிருக்கும். அந்த மதர்போர்டு உயிரோடு இருக்கும் வரை அந்தக் கணினியில் நீங்கள் சட்டப்படி விண்டோஸ் 10 ப்ரோ வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கை அழித்து மறுபடி நிறுவினாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். வேறு பலகைக்கு வராது.

சீட்டில் இருக்கும் விண்டோஸ் 7 கீயைப் புதிய கணினியில் தட்டிப் பார்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பல ஆண்டுகள் அது வேலை செய்தது உண்மை. இலவச மாற்றத்துக்கான காலம் 2016 ஜூலையோடு முடிந்த பிறகும் 7, 8 கீகளை ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த வழியையும் அடைத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

வாங்கும்போது பில்லில் "விண்டோஸ்" என்று ஒரு சொல்லை மட்டும் எழுதாமல், "ஓ.இ.எம்." என்றோ "ரீடெயில்" என்றோ சேர்த்து எழுதியிருந்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நீங்கள் சீட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டி வந்திருக்காது. என் கடை பில்லில் அதை நான் எழுதுகிறேன். மற்றவர்களும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

குலசேகரம் ரப்பர்க் கடை

முன்பு அவசரப்பட்டு எழுதிவிட்டேன். தவறான வழிகாட்டலுக்கு வருந்துகிறேன். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் ஒருவரிடம் 450 ரூபாய்க்கு விண்டோஸ் 10 ப்ரோ கீ ஒன்றை வாங்கினேன். வாழ்நாள் உரிமம் என்றார். எட்டு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் காலையில், ஷீட் எடை போட்டு பில் போடும் நேரத்தில், "விண்டோஸை ஆக்டிவேட் செய்க" என்ற எழுத்து திரையின் மூலையில் வந்து நின்றது. விற்றவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அப்போது யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்தக் கீ ஏன் செத்துப் போனது என்பதை இப்போதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கோட்டாறு கணினி ஆசிரியை

நான் கல்லூரி ஆய்வகத்தில் வால்யூம் உரிமத்தோடு வேலை செய்பவள் என்பதால் இதற்கு விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கும் உரிமத்தில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில், ஒரே கீயை இத்தனை கணினிகளில் போடலாம் என்ற எண்ணிக்கை வரம்பு இருக்கும். அப்படிப்பட்ட கீ ஒன்று வெளியே கசிந்து, அதைத் துண்டு துண்டாகப் பலருக்கு விற்றால், வரம்பு தாண்டும்போதோ அந்த நிறுவனம் புகார் செய்யும்போதோ கீ முடக்கப்படும். நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. உங்களுடையதும் அப்படி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த எட்டு மாத காலமும் வேறு யாரோ ஒருவரின் உரிமத்தில்தான் உங்கள் கணினி ஓடியிருக்கும்.

மற்றொரு முறையில், நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து அங்குள்ள கணினிகளை ஆக்டிவேட் செய்வார்கள். குறைந்தது 25 கணினிகள் அதை நாடினால்தான் அந்த சர்வர் வேலை செய்யத் தொடங்கும். ஒவ்வொரு கணினியும் 180 நாட்களுக்குள் மீண்டும் அதோடு பேசியாக வேண்டும். கடைகளில் "ஆக்டிவேட் செய்து தருகிறேன்" என்று சொல்லிப் போடும் சிறு நிரல்களில் பல, இந்த சர்வரைப் போல் நடிப்பவை. அவற்றைப் போடுவதற்கு முன்பு வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பிறருடைய ஜி.எஸ்.டி. கடவுச்சொற்கள் இருக்கும் கணினியில், யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுத்து, காவலையும் விலக்கிவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். தக்கலை ஐயா அந்த ஐந்நூறு ரூபாயை மறுத்ததில் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமை மீறிய கணினி நிரலைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாட்களிலிருந்து 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாதவர்களுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாம் என்ற தளர்வு அதில் இருக்கிறது. கடை நடத்துபவர்கள் அந்தத் தளர்வை நம்ப முடியாது.

இறுதியாக ஒரு கேள்வி. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை எண்ணிப் பார்த்தீர்களா? அதற்குரிய ஜி.பி.எல். போன்ற கட்டற்ற உரிமங்களில் நகலெடுக்கும் உரிமை உங்கள் கையிலேயே இருப்பதால், டிஸ்க்கைக் கழற்றிப் புதிய பலகையில் மாட்டினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள்.

தக்கலை தட்டச்சகத்தார்

அம்மா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். என் மகள் லினக்ஸில்தான் படிக்கிறாள். ஆனால் எனக்கு இரண்டு கட்டுகள் இருக்கின்றன. ஒன்று டாலி என்ற கணக்கு மென்பொருள். மற்றொன்று பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். ஆலயத்துக்கும் அச்சகத்துக்கும் பத்து ஆண்டுகளாகச் செய்த அழைப்பிதழ்கள் அனைத்தும் அதில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. கொடை நோட்டீஸ் என்றால் சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து, தேதியையும் உபயதாரர் பெயரையும் மாற்றித் தருவதுதான் வழக்கம். எழுத்துரு சற்று மாறினாலும் ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே புதிய கணினிக்கு விண்டோஸ் 11 வாங்கிவிடுகிறேன். மார்த்தாண்டத்து நண்பரே, எதை வாங்குவது, எந்த வரிசையில் மாற்றுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கோட்டாறு கணினி ஆசிரியை

அந்தக் காரணம் நியாயமானது. பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கும் வரை அவற்றைத் திறக்கும் ஒரு கணினி உங்களுக்கு வேண்டும். புதிய வேலைகளையாவது யூனிகோடில் தொடங்குங்கள். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே இருக்கிறது. தனி மென்பொருள் தேவையில்லை.

மார்த்தாண்டம் பழுதுநீக்குநர்

உங்கள் வேலைக்கு ஹோம் பதிப்பே போதும். வேறு இடத்திலிருந்து உங்கள் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய வேண்டும் என்றால்தான் ப்ரோ தேவைப்படும். எதை வாங்கினாலும் ரீடெயிலாக வாங்கி, பில்லில் அந்தச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மின்னல் இந்தக் கணினியைத் தாக்கினாலும், அதிலிருந்து நீக்கிவிட்டு மற்றொன்றில் போட்டுக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் புதியதில் ஓட்டுவதை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 7 காலத்து டிஸ்க் பெரும்பாலும் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும்; புதிய பலகைகளில் பல, கணினியை எழுப்பும் புதிய முறையான யு.இ.எஃப்.ஐ.யை மட்டுமே ஏற்பதால் அந்த டிஸ்க்கிலிருந்து எழாது. அதை ஜி.பி.டி. என்ற புதிய பிரிவினை முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. ஆனால் தடுமாறிக்கொண்டிருக்கும் பலகையில், பத்து ஆண்டு வேலை இருக்கும் ஒரே டிஸ்க்கின் பிரிவினை அட்டவணையைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றி ஓட வைத்தாலும், உரிமம் வராத விண்டோஸ் 10 ஒன்றைத்தான் சுமந்து வந்திருப்பீர்கள். புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் கொண்டு வாருங்கள்.

நிறுவும் முன்பு பழைய கணினியில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது டாலி. அதன் உரிமமும் அந்தக் கணினியில்தான் கட்டப்பட்டிருக்கிறது; பழையதில் "சரண்டர்" கொடுத்து விடுவித்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்கு இணையம் தேவை. உங்கள் நெட்வொர்க் போர்ட் எரிந்துவிட்டதால், கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பலகை முழுவதும் நின்றுபோவதற்குள் இதை முடித்துவிடுங்கள். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இதுதான். அதன் பிறகு டாலியின் தரவுக் கோப்புறை, பேஜ்மேக்கர் கோப்புகள், எழுத்துருக் கோப்புறை, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் இரண்டு நகல் எடுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் வைத்திருந்தால், அதன் ட்ரைவரையும் புதியதில் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11-ஐ நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், அண்மைப் பதிப்புகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படலாம். அதற்கான 48 இலக்க மீட்பு எண் உங்கள் கணக்கில் சேமிக்கப்படும். அன்றைக்கே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு போய்விட்டால், நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கையும் அந்த எண் இல்லாமல் திறக்க முடியாது. இடி விழும் ஊரில் இருக்கும் நமக்கு உரிமத்தைவிட இதுதான் பெரிய கவலை.

பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. தனிப்பட்ட பயனர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கின்றன. உங்கள் பழைய பலகையில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்காது, ப்ராசசரும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்பதால் அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டாலியை விடுவித்த பிறகு அதை இணையத்திலிருந்து முற்றாகப் பிரித்து, பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள கணினி அது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

குளச்சல் கடற்கரையான்

என் சிக்கல் தீர்ந்தது. கணக்கில் நுழைந்து பார்த்தபோது பட்டியலில் பழைய பெயர் வந்தது, ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை. வேலைச்சீட்டோடு பழுதுபார்ப்பு மையத்துக்குப் போய், நீங்கள் சொன்ன சொற்களையே சொன்னேன். சீரியல் எண்ணும் கீயும் எழுதப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு, அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். இணையத்தில் இணைத்தவுடன் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. பணம் எதுவும் கேட்கவில்லை. மிக்க நன்றி.

தக்கலை தட்டச்சகத்தார்

எல்லாம் முடித்துவிட்டு எழுதுகிறேன். டாலியை விடுவிக்கும் அன்று கணினி நான்காவது முறைதான் எழுந்தது. கைப்பேசியைக் கம்பியில் இணைத்து சரண்டர் கொடுத்து, முடிந்தது என்ற செய்தி வந்த பிறகுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க இரவு பதினொரு மணி ஆகிவிட்டது. மறுநாள் நாகர்கோவிலுக்குப் போய் விண்டோஸ் 11 ஹோம் வாங்கினேன். பில்லில் "ரீடெயில்" என்று எழுதச் சொன்னபோது, கடைக்காரர் ஏன் என்று கேட்டார். இந்த இழையில் படித்ததைச் சொன்னேன். மறுப்பில்லாமல் எழுதி, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

நிறுவி, கீயைப் போட்டு, கணக்கில் நுழைந்த பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் உரிமத்தோடு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியுள்ளது என்ற வரி வந்தது. பட்டியலில் பிற்பாடு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கணினிக்குத் தக்கலைக் கடை என்று பெயர் வைத்திருக்கிறேன். மறையாக்கமும் தானாகவே நடந்திருந்தது. 48 இலக்கங்களை என் மகள் வாசிக்க நான் எழுதி, இரண்டு முறை சரிபார்த்தோம். அந்தத் தாளும், விண்டோஸ் பெட்டியும், பில்லும் வீட்டு ஆவணங்கள் இருக்கும் பெட்டிக்குள் இருக்கின்றன. டாலி புதியதில் ஆக்டிவேட் ஆகி, மூன்று வணிகர்களின் கணக்கும் பைசா குறையாமல் திறந்தது.

பழைய கணினியை இணையம் இல்லாமல் சுவரோரம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலய அறிக்கையை அதில்தான் பழைய எழுத்துருவிலேயே அமைத்துக் கொடுத்தேன். மோடத்துக்கும் கணினிக்கும் இடையே மின்னல் தடுப்புக் கருவி ஒன்று வைக்க வேண்டும். அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். மார்த்தாண்டத்து நண்பர் அங்கேயும் வர வேண்டும்.